வைக்கோல் தொப்பி போட்ட தங்கச்சி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
28 செப்டம்பர் 2025

என் தங்கச்சி அன்னப்பூவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி? மடத்தில் அடுப்படியைத் தவிர வேறெங்கும் சூடில்லை என்று எழுதியிருந்தாய். செபத்துக்கு முழங்காலில் நிற்கும்போது கீழே ஒரு தடித்த துணியாவது போட்டுக்கொள். கடவுள் கோபிக்க மாட்டார். இங்கே நானும் யூஜினியும் குறையில்லாமல் இருக்கிறோம். மகன் லெஸ்லி விட்பியில் புது வீட்டில் சுகம். அவனிடம் இப்போது ரயிலில்தான் போய்வருகிறோம். நெடுஞ்சாலையில் சனம் வெறிபிடித்த மாதிரி ஓடுகிறது. முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், நமக்கேன் அந்த வம்பு.

உனக்குச் சொல்ல ஒரு புதினம். போன சனிக்கிழமை படம் பார்த்தேன். கோயிலில் என்னோடு பாடுகிற அருள்நாயகத்துக்கு இரண்டு ரிக்கற் கிடைத்தது. டவுன்ரவுனில் ஸ்பானியப் பட வாரம். சில வருடங்களுக்கு முன் பரிசுகளை அள்ளிய படமாம். "ஸ்பெயின் எண்டால் உன்ரை தங்கச்சி இருக்கிற நாடெல்லே, வா" என்று இழுத்துக்கொண்டு போனான். கதைச் சுருக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினான், விளக்கணைந்து பத்து நிமிடத்தில் அவன் குறட்டை. நான் கடைசிவரை முழித்திருந்தேன்.

நீ படம் பார்க்க மாட்டாய். கதை கேட்கலாம்தானே?

வடக்கே மழை ஓயாத ஒரு ஊரில் ராமோன் என்று ஒருவன். பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகிற வான் ஓட்டுகிறவன், ஆகவே நம்முடைய ஆள். அவனுக்கு இசபெல் என்று ஒரு தங்கச்சி. இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. தகப்பன் சாகக் கிடக்கிறார். வீடு வளவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தான் வளர்த்த கழுதையைத் தெற்கே கடற்கரையில் இருக்கிற பழைய சிநேகிதனிடம் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துபோய் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். கழுதையின் பெயர் மேயர். ஊர் மேயரோடு கிழவனுக்கு அவ்வளவு கோபம்.

வானின் பின்பக்கம் கழுதை. முன்பக்கம் பேசாத அண்ணனும் தங்கச்சியும். தங்கச்சியின் தலையில் கூடை அளவு வைக்கோல் தொப்பி. ஒரு பொலிஸ்காரன் மறித்து உள்ளே யார் என்று கேட்கிறான். "மேயர்" என்கிறான் ராமோன். பொலிஸ்காரன் சல்யூட் அடித்து அனுப்பிவிடுகிறான். தியேட்டரே குலுங்கியது.

இவ்வளவுதான் இப்போது. முழுக்கச் சொல்லிவிட்டால் நீ எனக்குப் பதில் போட மாட்டாய்.

அந்த ரோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருகிற ஜூனில் வரலாம் என்று இருக்கிறேன். மட்ரிட்டில் கார் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு வருவேன். போனமுறை இரும்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் உன்னை இருட்டில் இருத்திவைத்தார்கள். எனக்குத் தெரிந்தது உன் மூக்கு மட்டும். பத்து வருடம் ஆகிவிட்டது. ஒருக்காலாவது உன் முகத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உங்கள் மதரிடம் கேட்டு எழுது.

உன்னை நினைத்திருக்கும்
அண்ணை நீக்கிலாஸ்

*

கார்மேல் மடம், ஸ்பெயின்
20 அக்டோபர் 2025

அன்பு அண்ணைக்கு,

முழங்காலுக்குத் துணி போட்டேன். மதர் பிலார் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். உங்களுக்குப் பிறஷர் எப்படி? மச்சாள் இன்னும் உப்பில்லாமல் சமைக்கிறாவா?

உங்கள் கடிதத்தால் இங்கே ஒழுங்கு கெட்டுப்போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எங்களுக்கு வாய் திறக்க அனுமதி. அப்போது உங்கள் கதையை ஸ்பானிய மொழியில் சொன்னேன். பொலிஸ்காரன் சல்யூட் அடித்த இடத்தில் சமையல் பார்க்கிற சகோதரி கொன்சுவேலோ கையிலிருந்த அவரைக்காயை எல்லாம் கீழே கொட்டிவிட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். மேயர் கடலுக்குப் போய்ச் சேர்ந்தாரா?

உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிது? ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் இருக்கிறது. கனடாவில் கடதாசி மலிவா?

கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலம் நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. அந்த நாலு கிழமையும், பிறகு தவக்காலம் முழுவதும், எங்களுக்குக் கடிதமும் இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வருகிற கடிதங்கள் மதரின் அலுமாரியில் பூட்டில் கிடக்கும். கொன்சுவேலோ அதுவரை தாங்க மாட்டார். மிச்சக் கதையை முந்தி எழுதிவிடுங்கள்.

ஜூன் வருகை பற்றி யோசித்து எழுதுகிறேன்.

உங்கள் சுகத்துக்காக மன்றாடும்
அன்னப்பூ

*

வெக்ஸ்போர்ட்
7 நவம்பர் 2025

அன்னப்பூவுக்கு,

உனக்கும் உன் மடத்துச் சனத்துக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்குப் பிறஷர் அளவோடு நிற்கிறது. உப்பைப் பற்றி யூஜினியிடம் நீயே கேள், எனக்கு வீட்டில் சமாதானம் வேண்டும். எழுத்து பெரிதாக இருப்பது மார்க்கர் பேனையால். மலிவுவிலையில் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன், எழுதித் தீர்க்கத்தானே வேண்டும்.

கொன்சுவேலோவிடம் சொல், மேயர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அதற்குமுன் ஒரு சண்டை. பாதி வழியில் வான் பழுதாகிவிடுகிறது. பொட்டல் வெளி. மரமும் இல்லை. அண்ணனும் தங்கச்சியும் ரோட்டோரத்தில் இருந்து வாய்த்தர்க்கம் படுகிறார்கள். ராமோன் கேட்கிறான்: "நான் உன்னைப் பாக்க வாறன் எண்டு சொல்லுற ஒவ்வொருமுறையும் நீ ஏன் பிறகு பாப்பம் எண்டு சொல்லுறாய்? நான் உனக்கு என்ன செய்தனான்?" இசபெல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பிறகு ஒரு ஊரில் வானைத் திருத்துகிறார்கள். அங்கே பஸ் நிலையத்தில் கொஞ்சநேரம் ஏதோ நடக்கிறது, அது முக்கியமில்லை. கடைசிக் காட்சிதான் காட்சி. சாயங்காலம். கடல் தெரிகிறது. வான் கரையோரமாக மெல்லப் போகிறது. ராமோன் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் கதைக்கிறான். பக்கத்தில் தங்கச்சி, தொப்பியோடு, யன்னலில் சாய்ந்தபடி. ஒரு மறுசொல் இல்லை. எல்லாக் கோபமும் தீர்ந்து அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். உலகத்தில் எந்தத் தங்கச்சியும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. நான் அழுதேன், அருள்நாயகம் முழித்துக்கொண்டு "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டான்.

ஜூன் மாதத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அண்ணை

*

கார்மேல் மடம்
8 ஜனவரி 2026

அன்பு அண்ணைக்கு,

பிறந்த ஆண்டு உங்களுக்கும் மச்சாளுக்கும் லெஸ்லி குடும்பத்துக்கும் நன்மையாக இருக்கட்டும். உங்கள் நவம்பர்க் கடிதம் திருவருகைக் காலத்துக்கு முந்தியே வந்து சேர்ந்தது. பதில் எழுதத்தான் நேரம் தப்பிவிட்டது.

மூன்று அரசர் திருநாளுக்கு எங்களுக்கு வருடத்தில் ஒரு படம் பார்க்க அனுமதி உண்டு. வழக்கமாகப் புனிதர்களின் கதை. இம்முறை மதர் பிலார் வாய் திறக்காமல் ஊர் நூலகத்திலிருந்து உங்கள் படத்தையே எடுப்பித்துவிட்டார். நேற்றுமுன்தினம் எல்லாரும் இருந்து பார்த்தோம். கடைசிக் காட்சியில் மதர் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். உங்கள் வாயால் கேட்டதுதான் இன்னும் நல்லாயிருந்தது என்று கொன்சுவேலோ சொல்கிறார்.

குளிருக்கு வெளியே போகாதேயுங்கோ. பனியில் சறுக்கும்.

அன்னப்பூ

*

கார்மேல் மடம்
8 ஜனவரி 2026

அன்பு யூஜினி மச்சாளுக்கு,

உங்களுக்கு நான் தனியாக எழுதி எவ்வளவு காலம். சுகமாக இருக்கிறீர்களா? சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். அண்ணையின் கண்ணுக்கு என்ன?

அந்தப் படத்தை நாங்கள் பார்த்தோம். கடைசிக் காட்சியில் வானில் தங்கச்சி இல்லை. அவள் பஸ் நிலையத்தில் இறங்கித் தன் பாட்டில் போய்விடுகிறாள். தொப்பியை மறந்து விட்டுவிட்டுப் போகிறாள். ராமோன் அந்தத் தொப்பியைக் கழுதைக்குப் போட்டு, அதன் கழுத்தை முன் இருக்கைப் பக்கம் நீட்டவைத்து, அதோடு கதைத்துக்கொண்டு போகிறான். யன்னலில் சாய்ந்திருப்பது மேயர்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை வேண்டுமென்று கதையை மாற்றிப் பகிடி விட்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. சுவர் அளவு திரையில் கழுதை எது தங்கச்சி எது என்று தெரியாமல் ஒரு மனிசன் அழுதிருக்கிறார். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் அவருக்குத் தெரிந்திருக்காது. ரோட்டோரச் சண்டையில் ராமோன் கேட்கிற கேள்வியும் படத்தில் இல்லை. அங்கே அவர்கள் தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள்.

அவருக்கு எழுதிய கடிதத்தில் இதை நான் சொல்லவில்லை. உண்மையை எழுதுங்கள்.

அன்புடன்
அன்னப்பூ

*

வெக்ஸ்போர்ட்
26 ஜனவரி 2026

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எனக்கு வந்ததை அவர் கையில்தான் தபால்காரன் கொடுத்தான். அவர் தடவிப் பார்த்து "அன்னப்பூ ரெண்டு போட்டிருக்கிறாள்" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து தந்தார். கவரில் யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக உங்கள் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவர் எழுதும்போது கடதாசியில் கறுப்புக் கோடு தடிப்பாக நான் இழுத்துக் கொடுக்க வேண்டும். எட்டுக் கோடு.

கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு போகிறதாம். ஓரம் தெரியும், நடு தெரியாது. எதைப் பார்க்க நினைக்கிறாரோ அந்த இடத்தில்தான் புகை. கதவு, கதிரை, ஆள் நிற்பது எல்லாம் தெரியும். ஆளின் முகம் தெரியாது. கோயிலில் யார் முன்னால் வந்தாலும் "எப்பிடிச் சுகம்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அந்த ஆள் வாய் திறக்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பார். குரலைப் பிடித்த பிறகுதான் பெயர் சொல்லுவார். லைசென்ஸைப் போன கோடையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இடது கண் முடிந்த மாதிரித்தான். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. ஜூன்வரை நிற்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். "முந்திப் போறது நல்லம்" என்றார். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீங்கள் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும், என்னைக் காட்டிக்கொடுக்காதேயுங்கோ.

அவருக்கு ஒரே ஆசைதான். உங்கள் முகம்.

யூஜினி

*

வெக்ஸ்போர்ட்
30 ஜனவரி 2026

அன்னப்பூவுக்கு,

குளிர் உன்னை என்ன செய்கிறது? இங்கே வாசலில் இடுப்பளவு பனி. யூஜினி என்னைத் தள்ள விடுகிறாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மிஷினால் தள்ளிவிடுகிறார். மற்றப்படி கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன்.

ஒன்று விளங்கவில்லை. கடைசிக் காட்சியில் உங்கள் மதருக்குச் சிரிக்க என்ன இருந்தது? ஸ்பானியாக்காரருக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா?

ஜூன் மாதத்தைப் பற்றி மூன்றாம் தரமாகக் கேட்கிறேன். தியதி சொன்னால் ரிக்கற் எடுப்பேன். கார் ஓட்டுவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, உனக்குத் தெரியும். வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் கோபிக்க மாட்டேன். கோபித்தாலும் உனக்குத் தெரியவராது.

அண்ணை

*

கார்மேல் மடம்
13 பெப்ரவரி 2026

அன்பு அண்ணைக்கு,

மச்சாள், இதை நீங்கள்தான் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து எந்த இடத்திலும் நிறுத்தாமல் வாசியுங்கோ.

அண்ணை, கடைசிக் காட்சியில் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தது இசபெல் அல்ல. மேயர். மதர் சிரித்தது அதற்குத்தான். அன்றைக்கே எனக்கு உங்கள் கண்ணைப் பற்றித் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்திருந்தேன். கல்லுக் குண்டு என்று எழுதுகிறீர்கள்.

ராமோன் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டீர்கள். அதற்கு என் பதில் இது. நீங்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. போனமுறை நீங்கள் வந்து போனபிறகு ஆறு மாதம் எனக்குச் செபம் வரவில்லை. கோயிலில் இருந்தால் உங்கள் இருமல்தான் காதில் கேட்டது. வீட்டு ஞாபகம் இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொருமுறை வந்தால் உங்களோடு எழும்பி வந்துவிடுவேனோ என்று பயந்தேன். அதனால்தான் பிறகு, பிறகு என்று எழுதினேன். என் பயத்துக்கு உங்கள் கண்ணைப் பலி கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

ஜூன் வேண்டாம். இப்போதே வாங்கோ. வருகிற புதன் தவக்காலம் தொடங்குகிறது. தவக்காலத்தில் இந்த மடத்தின் கதவு யாருக்கும் திறந்ததில்லை. நான் மதரிடம் போய் முழங்காலில் நின்று கேட்டேன். அவர் சொன்னார்: "மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். தவக்காலமானாலும் அன்றைக்கு நாங்கள் இனிப்புச் சாப்பிடுகிறோம். இனிப்புக்குத் திறக்கிற வாய், அண்ணனுக்குக் கதவைத் திறந்தால் என்ன?" கம்பிக்குப் பின்னால் அல்ல. நடு முற்றத்தில், மத்தியான வெயிலில் நிற்பேன். உங்கள் பதிலைத் தவக்காலத்திலும் எனக்குத் தருவதாக மதர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

காரை மட்டும் நீங்கள் ஓட்டக்கூடாது.

உங்கள்
அன்னப்பூ

*

வெக்ஸ்போர்ட்
27 பெப்ரவரி 2026

அன்னப்பூவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கழுதையா? மெய்யாகவே கழுதையா?

யூஜினி வாசித்து முடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரு கழுதையின் பொறுமையைப் பார்த்து நான் விம்மி விம்மி அழுததை நினைத்தேன். வந்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. யூஜினியும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். இந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் கண்ணைப் பற்றிச் சத்தமாகக் கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறோம். கண் மங்கினவர்களுக்குப் பழக்குகிற ஒரு வகுப்புக்கும் போகத் தொடங்கியிருக்கிறேன்.

வாறோம். பதினெட்டாம் தியதி மட்ரிட்டில் இறங்குகிறோம். கார் ஓடப்போவது யார் தெரியுமா? யூஜினி. தமிழ்க் கடைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டாதவள். ரொறன்ரோவில் நெடுஞ்சாலையில் ஒருநாளும் ஏறாதவள். பஸ்ஸில் போவோம் என்றேன். "நீங்கள் கார் எண்டுதானே தங்கச்சிக்கு எழுதினீங்கள்? காரிலைதான் போறம்" என்கிறாள். எங்களுக்காக மன்றாடு. சும்மா சொல்லவில்லை.

அண்ணை

*

வெக்ஸ்போர்ட்
27 மார்ச் 2026

அன்புள்ள மச்சாள்,

உயிர்ப்பு ஞாயிறு முடிந்துதான் இதைக் கையில் எடுப்பீர்கள். திருநாள் வாழ்த்துகள். முழங்கால் எப்படி? வந்து சேர்ந்தோம், களைப்பு இன்னும் தீரவில்லை.

உங்கள் முற்றத்தில் வெட்கத்தில் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். இரண்டு மணித்தியால வழி என்றார்கள். எனக்கு ஐந்து பிடித்தது. ஸ்ரியரிங்கை விட்டுக் கையை எடுக்கப் பயந்து மூக்குக்கூடச் சொறியவில்லை. பின்னால் வந்த லொறிகள் எல்லாம் ஹோன் அடித்தன. இவர் பக்கத்தில் இருந்து "உது எங்களுக்கு வாழ்த்துச் சொல்லுறாங்கள்" என்றார். ஒரு சுற்றுவட்டத்துக்குள் நுழைந்து வெளியே வரத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே மேசை போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் நாலாம் முறை எனக்குக் கைதட்டினார்கள். இவருக்குக் கண் தெரியாதே தவிர, பஸ் ஓட்டின காது போகவில்லை. "கியர் மாத்து", "வலப்பக்கம் பெரிய வண்டி வருகுது, விடு", "இப்ப மேடு, காலை அழுத்து" என்று எல்லாம் காதால் கேட்டே சொன்னார். ஒருமுறைகூட என்னை ஏசவில்லை. முப்பத்தைந்து வருடமாகப் பக்கத்து இருக்கையில் இருந்து அவருக்கு நான் சொன்ன புத்திக்கு ஒரு கணக்கில்லை. அன்றைக்குத்தான் எனக்கே வெட்கமாக இருந்தது.

மடத்து மதிலைக் கண்டதும் காரை நிற்பாட்டிவிட்டு நான் அழுதேன். "வந்திட்டமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சீப்பை எடுத்துத் தலை இழுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அவர் முகம் நல்லாயிருந்தது. மிச்சத்தை அவர் எழுதுவார், நான் வாய் திறக்கக்கூடாதாம்.

யூஜினி

*

கார்மேல் மடம்
6 ஏப்ரல் 2026

அன்பு அண்ணைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். இம்மாத ஊசி போட்டாயிற்றா? மச்சாளின் கடிதத்தை வாசித்து எல்லாரும் அவவுக்கு ரசிகைகள் ஆகிவிட்டோம்.

இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். மனதில் வைத்துக்கொண்டிருந்தால் பழைய அன்னப்பூவாகவே இருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

கதவு திறந்ததும் நீங்கள் நேரே மதர் பிலாரின் இரண்டு கையையும் பிடித்து "அன்னப்பூ, கிழவியாய்ப் போனாய்" என்றீர்கள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதற்கு நான் வருந்தவில்லை. எல்லாருக்கும் ஒரே உடுப்பு.

ஆனால் அதற்குப் பிறகு? நான் முற்றத்தில் வெயிலில் வந்து நின்றேன். கண்ணாடியைக்கூடத் துடைத்துப் போட்டிருந்தேன். அரை மணித்தியாலம் உங்களுக்கு முன்னால் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு அத்திமரத்தையே பார்த்தபடி நின்றீர்கள். நான் கதைக்கிறேன், நீங்கள் மரத்தைப் பார்த்து ம் ம் என்கிறீர்கள். இரண்டுமுறை இடம் மாறி உங்களுக்கு நேரே வந்து நின்றேன். நீங்களும் திரும்பிக்கொண்டீர்கள். கனடாவிலிருந்து இவ்வளவு பாடுபட்டு வந்து, இலைகூட இல்லாத ஒரு மரத்தையா அண்ணை பார்ப்பது?

பத்து வருடம் வராதே என்றதற்குத் தண்டனையா? அப்படியானால் ஏற்றுக்கொள்கிறேன். இல்லை, என்னால்தான் நேரம் தப்பி, நடுவும் ஓரமும் எல்லாம் போனபிறகுதான் வந்தீர்களா? அப்படியென்றால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். எது என்று சொல்லுங்கள். நோகாமல் சொல்ல வேண்டாம்.

அன்னப்பூ

*

வெக்ஸ்போர்ட்
22 ஏப்ரல் 2026

என் தங்கச்சிக்கு,

சுகமாய் இரு, முதலில் அழுகையை நிறுத்து. ஊசி போட்டாயிற்று. மதர் பிலாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அந்தப் பிழை பிழைதான்.

மற்றது பிழை இல்லை. வகுப்பில் எனக்குப் பழக்கின பெண்மணி முதல்நாளே சொன்னது இது: "பாக்க விரும்பிறதை நேரை பாக்காதேயுங்கோ ஐயா. பக்கத்திலை பாருங்கோ." என் கண்ணில் கெட்டுப்போனது நடுதான். நேரே பார்த்தால் உன் தோள் தெரியும், உன் உடுப்புத் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் தெரியும். ஒரு பக்கத்துக்குக் கண்ணைத் திருப்பினால் மிச்சமிருக்கிற ஓரத்தில் முகம் வந்து விழும். மூன்று கிழமை யூஜினியின் முகத்தை வைத்துப் பழகினேன். பார்க்கிறவர்களுக்குக் கள்ளன் முழி மாதிரி இருக்கும். அந்த வெட்கத்தில்தான் உன்னிடம் சொல்லவில்லை, அவளையும் சொல்ல விடவில்லை. அதோடு ஒரு இடம் பிடிபட்டால் அசையாமல் நிற்க வேண்டும், கதைத்தால் தவறிப்போகும். நீ வேறு இடம் மாறி மாறி நின்று என்னை என்ன பாடுபடுத்தினாய்!

உன் கண்ணாடியின் இடப்பக்கக் கால் வெள்ளை நூலால் கட்டியிருக்கிறது. மேல் உதட்டில் நரைத்த மயிர் இரண்டு. நாடியில் சின்ன வயதில் இல்லாத ஒரு மறு. பெரியக்காவின் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாய், அழுகை வந்தால் சின்னனிலிருந்தே நீ செய்வது. பிறகு ஒருமுறை சிரித்தாய். முன்பல்லில் ஒன்று இல்லை. அரை மணித்தியாலமும் உன்னைத் தவிர நான் வேறொன்றும் பார்க்கவில்லை, அன்னப்பூ. நீ வடிவாகத்தான் இருக்கிறாய். எனக்கு இது போதும்.

நான் பார்த்த பக்கம் ஒரு மரம் நின்றது என்கிறாய். நின்றிருக்கும். அது அத்திமரம் என்பதும், அதில் இலை இல்லை என்பதும் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

அண்ணை
நீக்கிலாஸ்